குயிக் ஷேரில் பெயர் தெரிந்தும் வீடியோ நகர மறுப்பது ஏன்?

வணக்கம். பக்கத்திலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசிக்குக் கோப்பு அனுப்பும் வசதியான குயிக் ஷேரில் தங்கையின் கைபேசி தெரிகிறது, ஆனால் 1.4 ஜிபி வளைகாப்பு வீடியோ அரை மணி நேரத்தில் 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பெயர் தெரிவதால் புளூடூத்தில் குறை இல்லை. பக்கத்துக் கைபேசியைக் கண்டுபிடிப்பதுதான் அதன் முக்கிய வேலை. பெரிய கோப்பைச் சுமப்பது இரு கைபேசிகளும் தமக்குள் நேரடியாக ஏற்படுத்திக்கொள்ளும் வைஃபை இணைப்பு. அது அமையாவிட்டால் கோப்பு புளூடூத் வழியாகவே ஊர்ந்து செல்லக்கூடும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 1.4 ஜிபி போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். உங்கள் கணக்கும் ஏறத்தாழ அதோடு ஒத்துப்போகிறது.

தங்கைக்கு இணையம் கொடுக்க ஹாட்ஸ்பாட்டை இயக்கி வைத்திருப்பதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அதன்மேல்தான். பல கைபேசிகளில் ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் வைஃபை தானாக அணைந்துவிடும். எனவே ஹாட்ஸ்பாட்டையும், இருந்தால் விபிஎன்னையும் பேட்டரி சேமிப்பையும் அணைத்து, இரு கைபேசிகளிலும் வைஃபையை இயக்கி (எந்த ரவுட்டரிலும் இணைய வேண்டியதில்லை), பாதியில் நிற்பதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக அனுப்புங்கள். தங்கையுடையது பழைய ஆண்ட்ராய்டு என்றால் லொகேஷனும் இயங்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும். ஆனால் இருவருக்கும் டேட்டா கரையும்.