இஞ்சி பிஸ்கட் வீடு உடைந்து வந்தால்

கேள்வி: ஆறு வயது மகளுக்குப் படக்கதையில் வரும் மிட்டாய் வீட்டைக் கட்டிப் பார்க்க ஆசை. இணையத்தில் 85 ரிங்கிட்டுக்கு இஞ்சி பிஸ்கட் வீட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஒரு சுவரும் கூரையும் உடைந்து வந்தன, மற்றவை நமத்துப்போயிருந்தன. உணவுப்பொருளைத் திருப்பி வாங்குவதில்லை என்கிறார் விற்பனையாளர். வேறு பெட்டி வாங்கலாமா?
- ஒரு தாய், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: முதலில் பணத்தை விட்டுவிடாதீர்கள். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விற்பவர் தம் விருப்பத்துக்கு ஒரு வரி எழுதி வைப்பதால் அந்த உரிமை போய்விடாது. உடைந்த துண்டுகள், பெட்டியின் முகவரிச் சீட்டு, காலாவதித் தேதி மூன்றையும் படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். அதுவரை, பொருள் கிடைத்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம்.

வேறு பெட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. எப்போதோ சுட்டு, கப்பலேறி வந்த பிஸ்கட் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீட்டிலேயே சுட்டுக் கட்டுங்கள்; மாவு, சீனி, சுக்குத்தூள், பட்டை, கிராம்பு எல்லாம் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளிலேயே கிடைக்கும்.

சோடா உப்பைச் சேர்க்காதீர்கள்; மாவு உப்பி, சுவரோடு சுவர் பொருந்தாமல் போகும். முதலில் அட்டையில் வீட்டை வெட்டி ஒட்டி, மகளோடு நிறுத்திப் பாருங்கள். பிறகு அரை சென்டிமீட்டர் கனத்தில் மாவைத் தேய்த்து, அந்த அட்டைகளை வைத்தே வெட்டிச் சுடுங்கள். தட்டு வெளியே வந்த சூட்டோடு அட்டையை மீண்டும் மேலே வைத்து ஓரங்களைக் கத்தியால் நேராக்க வேண்டும். ஆறிவிட்டால் நொறுங்கும். விரலால் தட்டினால் அச்சு முறுக்குபோல் மொறுமொறுப்பு தெரிய வேண்டும்; இல்லையென்றால் மிதமான சூட்டில் இன்னும் சற்று உலர்த்துங்கள்.

ஒட்டுவதற்கு ஐசிங் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும். பிள்ளைகள் தின்பார்கள் என்பதால் பச்சை முட்டைக்குப் பதில் கேக் பொருள் கடையில் விற்கும் வெள்ளைக்கருத் தூளை வாங்குங்கள். கரண்டியைத் தூக்கினால் கூர்முனை சாயாமல் நிற்கும் பதம் வேண்டும். சுவர்களுக்கு மைலோ டின்னை முட்டுக் கொடுத்துச் சில மணி நேரம் காய விடுங்கள். அவசரப்பட்டால் கூரை வழுக்கி இறங்கிவிடும், பிள்ளையின் முகமும் வாடிவிடும்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட மிட்டாய் வீட்டுக் கதையில் வீடு ரொட்டி, கூரை கேக், சன்னல் சர்க்கரை. சன்னல் ஓட்டையில் நொறுக்கிய கெட்டி மிட்டாயை நிரப்பிச் சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படியும். நம் காற்றில் விரைவில் பிசுபிசுக்கும் என்பதால் கொண்டாட்டத்துக்கு முந்தின நாள் செய்வதே நல்லது. வீட்டைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து இளகிவிடும். மூடிபோட்ட பெரிய டப்பா போதும். காட்சிக்கு வைக்கும்போது தண்ணீர்த் தட்டின் நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள், எறும்பு ஏறாது.