பழைய காருக்குப் புதிய மீட்டர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கிளாசிக் கார் வைத்திருக்கும் வாசகர்கள் டேஷ்போர்டு மீட்டர்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருக்கும் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: என்னுடைய கார் 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரிட்டிஷ் கார். ஆயில் பிரஷருக்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கிறது. ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், வோல்ட் ஆகிய மூன்று மீட்டர்களைப் பொருத்த ஆசைப்படுகிறேன். டேஷ்போர்டில் துளை போட வேண்டியிருக்குமா? வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: தயவு செய்து துளை போடாதீர்கள். அறுபது ஆண்டுகளைத் தாண்டி வந்த ஒரு டேஷ்போர்டை ஒருமுறை வெட்டிவிட்டால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. உங்களுக்குப் பின்னால் அந்தக் காரை வைத்திருக்கப் போகிறவர் நிச்சயம் வருந்துவார். டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் ஏற்கெனவே இருக்கும் ஸ்குரூக்களிலேயே மாட்டிக்கொள்ளும்படி, 52 மில்லிமீட்டர் துளைகள் மூன்று கொண்ட ஒரு சிறிய தகட்டைச் செய்துகொள்ளுங்கள். துணை மீட்டர்களில் பெரும்பாலானவை இந்த விட்டத்திலேயே வருகின்றன. டேஷ்போர்டுக்குள்ளேயே வைத்தாக வேண்டும் என்றால், அசல் பலகையைக் கழற்றித் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் வேறொரு பலகை செய்து அதில் வெட்டுங்கள்.

தகட்டைச் செய்வதற்கு முன்பு, அட்டையில் 52 மில்லிமீட்டர் வட்டங்களை வெட்டி, நினைத்திருக்கும் இடத்தில் ஒட்டிவைத்து, ஓட்டுநர் இருக்கையில் வழக்கம்போல் அமர்ந்து பாருங்கள். ஸ்டீயரிங் வளையமோ உங்கள் முழங்காலோ ஒரு வட்டத்தை மறைப்பது அப்போதே தெரிந்துவிடும். மீட்டரின் பின்பக்கத்துக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். வைப்பர் இயங்கும் பாகங்களும் ஹீட்டர் குழாய்களும் பல கார்களில் அங்கேதான் ஓடுகின்றன.

மீட்டர்களை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியது பேட்டரி இணைப்பு. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியோடு எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) செய்யப்பட்டிருந்தது. எம்ஜிபி போன்ற கார்கூட 1967ஆம் ஆண்டின் கடைசியில்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. இன்றைய எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் அமைப்புக்கே செய்யப்படுகின்றன. மாற்றி இணைத்தால் அந்த நொடியே கெட்டுவிடும். காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது கடினமான வேலை அன்று. ஆனால் டைனமோவுக்கு (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) புதிய துருவத்தை ஏற்றுவது, இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களை இடம் மாற்றுவது, ஆம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் அதன் ஒயர்களையும் மாற்றுவது ஆகிய மூன்றையும் விடாமல் செய்ய வேண்டும்.

இன்னொன்று: புதிய மீட்டர் வந்துவிட்டதென்று பழைய சிவப்பு விளக்கைக் கழற்றிவிடாதீர்கள். என்ஜின் பிளாக்கில் ஒரு டி வடிவ இணைப்பைப் போட்டால் விளக்கின் சுவிட்சும் மீட்டரின் சென்சாரும் சேர்ந்தே இருக்கலாம். சாலையைப் பார்த்து ஓட்டும்போது முள் இறங்குவதைக் கண் தவறவிடலாம். விளக்கு எரிவதைத் தவறவிடாது.

கேள்வி: 1970ஆம் ஆண்டு ஃபோர்டு காருக்கு, பழைய தோற்றம் கொண்ட புதிய பெட்ரோல் மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். டேங்க் காலியாகி வண்டி நின்றுவிட்டது. முள் மட்டும் பாதிக்கு மேலேயே நிற்கிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரில் பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குத் தவறான தகவல் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வரும் கடிதங்களில் மிக அதிகமாகக் காணும் தவறு இதுவே என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டேங்குக்குள் இருக்கும் மிதவை ஏறி இறங்கும்போது, அதனோடு சேர்ந்த டேங்க் யூனிட்டின் மின்தடை மாறுகிறது. மீட்டர் பெட்ரோலை அளப்பதில்லை. அந்த மின்தடையைத்தான் அளக்கிறது. எத்தனை ஓம் என்றால் காலி, எத்தனை ஓம் என்றால் நிறைவு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென வகுத்துக்கொண்டார்கள். அக்காலத்து ஃபோர்டு கார்களில் காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10 ஓம். 1960களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது தலைகீழ்: காலிக்கு 0, நிறைவுக்கு 90. ஐரோப்பிய விடிஓ மீட்டர்களில் பரவலாகக் காணப்படுவது காலிக்கு 10, நிறைவுக்கு 180. அமெரிக்காவில் தனியாக விற்கப்படும் மீட்டர்களில் பல, காலிக்கு 240, நிறைவுக்கு 33 என்ற கணக்கைப் பின்பற்றுகின்றன.

நீங்கள் வாங்கியது இந்தக் கடைசி வகை என்று நினைக்கிறேன். அந்த வகையில் ஏறத்தாழ 100 ஓம் என்றாலே பாதி டேங்க். உங்கள் டேங்க் முற்றிலும் வற்றிய நிலையில் யூனிட் தருவதோ 73 ஓம். ஆகவே பாதிக்கு மேல் நிற்கும் முள், தனக்குக் கிடைத்த தகவலைச் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கிறது. ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 23 ஓம் சேர்த்தால் நிறைவு 33 ஆகி ஒத்துப்போகும். காலியோ 96 ஓமில் நின்று, மீண்டும் பாதி டேங்க் என்றே காட்டும். ஒரு முனையைத்தான் அப்படிப் பொருத்த முடியும், இரண்டையும் முடியாது. மீட்டருக்குரிய டேங்க் யூனிட்டை வாங்குங்கள். அல்லது யூனிட்டுக்குரிய மீட்டரை வாங்குங்கள். இரண்டும் இயலாவிட்டால் நடுவில் மின்தடையை மாற்றித் தரும் சிறு எலெக்ட்ரானிக் பெட்டி கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன், யூனிட்டின் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, காலியிலும் நிறைவிலும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். காலி டேங்கில் நிறைந்திருப்பது பெட்ரோல் ஆவி, ஒரு சிறு பொறி போதும்.

உங்கள் ஃபோர்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு பாகம், டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர். பழைய பைமெட்டல் மீட்டர்கள் (சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டையால் முள்ளை நகர்த்துபவை) 12 வோல்ட்டில் நேரடியாக இயங்குவதில்லை. ஃபோர்டில் சராசரியாக 5 வோல்ட்டும், ஸ்மித்ஸ் மீட்டர்கள் கொண்ட பிரிட்டிஷ் கார்களில் 10 வோல்ட்டும் அவற்றுக்குத் தரப்பட்டன. உள்ளே ஒரு சிறு தொடர்பு விட்டுவிட்டுத் திறந்து மூடுவதால், அங்கே மல்டிமீட்டரை வைத்தால் எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். அது பழுதின் அடையாளம் அன்று. புதிய எலெக்ட்ரானிக் மீட்டருக்கு இந்த இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். இக்னிஷனைப் போட்டால் 12 வோல்ட் வரும் ஒயரிலிருந்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். பழைய மீட்டர்களையோ அந்த ரெகுலேட்டரிலேயே விட்டுவிடுங்கள். நேராக 12 வோல்ட் கொடுத்தால் எல்லாமே கூடுதலாகக் காட்டும், நாளடைவில் கருகியும் போகும்.

கேள்வி: ஆயில் பிரஷருக்குக் குழாய் வைத்த மெக்கானிக்கல் மீட்டர் நல்லதா, சென்சார் வைத்த எலெக்ட்ரிக் மீட்டர் நல்லதா?

பதில்: மெக்கானிக்கல் மீட்டர் நேரடியானது, துல்லியமானது, பேட்டரியையோ எர்த்தையோ நம்பி இருப்பதில்லை. ஆனால் என்ஜினின் சூடான ஆயில், அழுத்தத்தோடு, உங்கள் முழங்காலுக்கு மேலே ஒரு மெல்லிய குழாயில் வந்து நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. நைலான் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே சென்றால் உருகிவிடும். செம்புக் குழாய் அதிர்விலேயே இறுகி ஒருநாள் வெடிப்பு விடும். அதனால்தான் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் அதை இரண்டு மூன்று வளையங்களாகச் சுற்றி விடுவார்கள். ஸ்டீல் வலை பின்னிய குழாயைப் போட்டு, பயர்வால் (என்ஜின் பகுதியையும் உள்பகுதியையும் பிரிக்கும் தகடு) துளையில் ரப்பர் குரோமெட் வளையம் வைத்தால் இந்தக் கவலைகள் பெரும்பாலும் தீரும். அப்படிச் செய்ய முடியாதவர்களுக்கு நான் எலெக்ட்ரிக் வகையையே சொல்வேன்.

எந்த வகையானாலும் ஆபத்து இருப்பது பிளாக்கில் திருகும் இடத்தில். 1/8 என்பிடி (அமெரிக்க அளவுமுறை), 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவுமுறை) என்ற இரண்டு திரெட்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு 27 புரிகள், கோணம் 60 பாகை. இரண்டாவதில் 28 புரிகள், கோணம் 55 பாகை. தவறானதைத் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்றுகள் இலகுவாகவே ஏறும், பிறகு இறுகும். 'நன்றாகப் பிடித்துவிட்டது' என்று எண்ணி அதற்கு மேல் ஸ்பேனரைப் போட்டால் பிளாக்கின் திரெட் போய்விடும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இருப்பது எம்10 திரெட்: விட்டம் 10 மில்லிமீட்டர், புரிகளின் இடைவெளி 1 மில்லிமீட்டர். திரெட் கேஜ் ஒன்றை வைத்துப் பார்க்காமல் எதையும் திருகாதீர்கள்.

நண்பர் ஒருவரின் காரில் புதிய எலெக்ட்ரிக் மீட்டரின் முள் ஏறுவதும் விழுவதுமாக ஓர் ஒழுங்கே இல்லாமல் இருந்தது. சென்சாரைக் கழற்றிப் பார்த்தபோது திரெட் முழுவதும் வெள்ளை டெஃப்லான் டேப் நான்கு சுற்று சுற்றப்பட்டிருந்தது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்தத் திரெட்தான் எர்த். டேப் அதைப் பிரித்துவைத்திருக்கிறது. டேப்பைத் துடைத்தெடுத்து, முனைப் புரிகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் சிறிது திரவ சீலன்ட் தடவித் திருகியதும் முள் நிலைத்தது. பெரிய உருளை வடிவ சென்சாரை என்ஜினில் நேராகத் தொங்கவிட்டாலும் அதிர்வில் கழுத்து ஒடியும். சிறு குழாய் வழியாக அதைப் பாடியில் பொருத்துங்கள், அப்போது அதற்குத் தனி எர்த் ஒயரும் கொடுங்கள்.

கேள்வி: பிளாட்டினம் பாயின்ட்டை (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட அன்றே, என்ஜின் சுற்றுகளைக் காட்டும் பழைய ஸ்மித்ஸ் டேக்கோமீட்டர் நின்றுவிட்டது. புதியது வாங்க வேண்டுமா?

பதில்: முகப்பின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தைப் பாருங்கள். ஆர்விஐ என்று தொடங்கினால் அது காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணும் வகை. அந்த ஒயர் மீட்டரின் முதுகில் ஒரு வளையமாகச் சுற்றிச் செல்வதைக் காணலாம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் அந்தத் துடிப்பின் வடிவத்தை மாற்றிவிடுவதால் மீட்டரால் எண்ண முடியவில்லை. முகப்பையும் முள்ளையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் மின்சுற்றை மட்டும் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து சிக்னல் எடுக்கும் வகைக்கு மாற்றலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். புதியதே வாங்கினால் சிலிண்டர் எண்ணிக்கையைச் சரியாக அமையுங்கள். நான்கு சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு 2 துடிப்புகள், ஆறுக்கு 3, எட்டுக்கு 4.

கேள்வி: டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். டேஷ்போர்டில் 30 ஆம்பியர் ஆம்மீட்டர் அழகாக இருக்கிறது. அதை அப்படியே விட்டுவைக்கலாமா?

பதில்: முகப்பை வைத்துக்கொள்ளுங்கள், இணைப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டார்ட்டரைத் தவிர்த்து காரின் மின்சாரம் முழுவதும் ஆம்மீட்டர் வழியாகவே போகிறது. லூகாஸ் சி40/1 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தந்தது. அதற்கு 30 ஆம்பியர் மீட்டர் தாராளம். நீங்கள் போட்டிருக்கும் ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது என்றால், பேட்டரி இறங்கியிருக்கும் ஒரு காலையில் அவ்வளவும் அந்தச் சிறு மீட்டரின் முனைகள் வழியாகப் பாயும். முனை சற்றுத் தளர்ந்திருந்தால் சூடேறி டேஷ்போர்டின் பின்னாலேயே தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை, பொருத்தமான ஃபியூஸ் வழியாக நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோய், டேஷ்போர்டில் வோல்ட்மீட்டர் வையுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட்டும் காட்டினால் சார்ஜிங் நலமாக இருக்கிறது.

கேள்வி: தகர டேஷ்போர்டை எடுத்துவிட்டு அழகான மரப் பலகை போட்டேன். அன்றிலிருந்து ஹெட்லைட்டைப் போட்டால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே நகர்கின்றன. டெம்பரேச்சர் 95 பாகையைக் காட்டும்போது எதை நம்புவது என்றே தெரியவில்லை.

பதில்: மரம் எர்த் தராது என்பதே காரணம். தகரப் பலகையில் மீட்டரின் உலோக உறையே எர்த்தாக இருந்தது. இப்போது மீட்டர்களும் அவற்றின் விளக்குகளும் எங்கோ ஓர் ஒற்றை ஒயரைப் பகிர்ந்துகொள்கின்றன, விளக்கின் மின்னோட்டம் சேரும்போது முட்கள் நகர்கின்றன. ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் தனித்தனிக் கறுப்பு ஒயர் எடுத்து, பெயின்ட் சுரண்டிய ஒரே போல்ட்டில் வளைய முனை வைத்து இறுக்குங்கள். ஹெட்லைட் எரியும்போது மீட்டர் உறைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

அதைச் சரிசெய்த பிறகு டெம்பரேச்சர் மீட்டரைக் கொதிநீரில் சோதியுங்கள். என்ஜின் ஆறிய பின் சென்சாரைக் கழற்றி, அதன் முனையை நீண்ட ஒயரால் மீட்டரோடும், அறுகோண உடலை இன்னோர் ஒயரால் எர்த்தோடும் இணைத்து, கொதிக்கும் நீரில் குமிழ்ப் பகுதி மட்டும் மூழ்கும்படி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடியுங்கள். கடல்மட்டத்தில் முள் 100இல் நிற்க வேண்டும். உயரமான இடமென்றால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 பாகை குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீரை ஆறவிட்டு ஒரு தெர்மாமீட்டரோடு 80 பாகையில் ஒப்பிடுங்கள். பழைய கார்களில் இருக்கும் மெல்லிய செம்புக்குழாய் வகையையும் இப்படியே சோதிக்கலாம், ஒயர் தேவையில்லை. ஆனால் அந்தக் குழாயை மடிக்கவோ வெட்டவோ கூடாது, உள்ளிருக்கும் ஈதர் வெளியேறிவிட்டால் மீட்டர் அத்துடன் போயிற்று.

மீட்டர் சரியாக இருந்தால் 95 பாகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 பாகையில் திறக்கிறது. 7 பிஎஸ்ஐ ரேடியேட்டர் மூடி கொதிநிலையைச் சுமார் 110 வரை உயர்த்துகிறது. நெரிசலில் முள் சற்று ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குவது இயல்பு. வெகுநேரம் 95இல் நின்ற முள் வேகம் கூடாமலேயே திடீரென 60க்கு விழுந்தால் மட்டும் உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் இறங்கி, சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போது முள் அப்படித்தான் விழும்.