பட்டறை வினா – விடை: பேரனின் கேம்பேடும் தாத்தாவின் சி.என்.சி. ரூட்டரும்

சென்ற இதழில் கணினி சொல்லும் வழியில் வெட்டுமுனையை நகர்த்தி மரத்தைச் செதுக்கும், மேசை மீது வைத்து ஓட்டும் சிறிய சி.என்.சி. ரூட்டர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கேம்பேட் எனப்படும் வீடியோ கேம் கன்ட்ரோலரால் அந்த இயந்திரத்தை இயக்குவது பற்றியே கேட்டிருக்கின்றன. அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): எங்கள் வீட்டு நிலைக்கதவின் மேல்சட்டத்தில் உள்ள அன்னத்தைப் பார்த்து, பழைய பர்மா தேக்குத் துண்டுகளில் சிறு பலகைகள் செதுக்குவதற்காக ஒரு ரூட்டர் வாங்கினேன். திரையில் உள்ள அம்புக்குறிகளை மௌஸால் அழுத்தி, வெட்டுமுனையான பிட்டை மரத்தின் மூலைக்குக் கொண்டுவருவதற்குள் கண் திரைக்கும் மரத்துக்குமாக அலைந்து களைத்துப்போகிறது. பேரனின் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்து நகர்த்தினால் இயந்திரம் கெட்டுவிடுமா?

பதில்: தாராளமாக நகர்த்தலாம், ஐயா. இயந்திரம் கெடாது, தவறினால் பிட் உடையும், அல்லது அந்தத் தேக்கில் வேண்டாத இடத்தில் ஒரு பள்ளம் விழும். பேரனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மரத்தூள் ஏறிய கன்ட்ரோலரை அவர் திரும்ப வாங்கிக்கொள்வது சந்தேகம்.

ஆலைகளில் இருக்கும் பெரிய இயந்திரங்களில் இந்த வேலைக்கென்றே, சுழற்றும் சக்கரம் பொருத்திய பெண்டன்ட் என்ற கைக்கருவி உண்டு. அந்தச் சக்கரம் பொதுவாக ஒரு சுற்றுக்கு 100 முறை 'டக்' என்று தடுக்கும். ஒரு தடுக்கலுக்கு 0.01 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும், எவ்வளவு தூரம் போயிற்று என்பதைக் கையே எண்ணிக்கொள்ளும். கேம் கன்ட்ரோலரின் குச்சி அப்படிப்பட்டதல்ல. அதை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம் கிடைக்கும், தூரம் கணக்கில் வராது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் குச்சியாலேயே கடைசி மயிரிழை வரை பிட்டை இறக்க முயல்வதால்தான் பலர் முதல் நாளே பிட்டை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தொலைவைக் கடக்க மட்டும் குச்சி: இடக்குச்சி கிடைமட்டத்தில் நகரும் எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு, வலக்குச்சியின் மேல்கீழ் அசைவு ஏறி இறங்கும் இசட் அச்சுக்கு. மரத்தின் அருகே வந்ததும் குச்சியை விட்டுவிட்டு, கூட்டல் குறி வடிவில் இருக்கும் அம்புப் பொத்தான்களுக்கு மாறி, ஓர் அழுத்தத்துக்கு 0.05 மி.மீ. என்று அமைத்துக்கொள்ளுங்கள். பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, பிட்டுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு ஜெராக்ஸ் தாளைச் செருகி, இடக்கையால் அதை மெல்ல முன்னும் பின்னும் இழுத்தபடியே, வலக்கைக் கட்டைவிரலால் கீழ் அம்பை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். தாள் பிடிபடும் தட்டில் நிறுத்துங்கள். தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; அதைக் கணக்கில் சேர்த்து இசட் ஜீரோவை, அதாவது உயரத்தின் தொடக்கப் புள்ளியை, வைத்துவிடலாம். கண் மரத்தை விட்டு ஒருமுறை கூட விலக வேண்டியதில்லை என்பதுதான் கேம்பேடால் கிடைக்கும் உண்மையான லாபம்.

தங்கள் இயந்திரத்தின் மூளை அர்டுயினோ வகைச் சிறு மின்னணுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற திறந்தமூல மென்பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2009இல் தொடங்கிய அந்த மென்பொருளின் 1.1 பதிப்பில்தான் ஜாக் எனப்படும் கைநகர்த்தலுக்குத் தனிக் கட்டளை வந்தது. அதற்கு முன் கைநகர்த்தலும் வெட்டும் கட்டளைகளைப் போலவே வரிசையில் போய் நிற்கும். வரிசையில் நின்றதை இடையில் நீக்குவது எளிதல்ல. இப்போது குச்சியை விட்டவுடன் 'ஜாக் ரத்து' என்ற ஒற்றைக் குறி வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போய், மீதியிருக்கும் நகர்வுகளைக் கலைத்து, அடியடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்கள் படி தவறாமல் இயந்திரத்தை வேகம் தணித்து நிறுத்துகிறது. பலகையின் பதிப்பு 1.1 அல்லது அதற்குப் பிந்தையதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்பும் யுனிவர்சல் ஜிகோட் சென்டர், ஜிசென்டர் ஆகிய இலவச நிரல்கள் இரண்டிலும் கேம்பேடை இணைக்கும் வசதி உள்ளது; பொத்தான்களுக்கு வேலை ஒதுக்குவதும் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): கேம்பேடின் பொத்தான்களை விசைப்பலகையின் அம்பு விசைகளாக மாற்றும் ஒரு நிரலை நிறுவி ஓட்டினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள், பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகும் இயந்திரம் போய்க்கொண்டேயிருந்து ஓரச் சட்டத்தில் இடித்தது. குறை கன்ட்ரோலரிலா, இயந்திரத்திலா?

பதில்: இரண்டிலும் இல்லை, நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் குறை. விசைப்பலகை கணினிக்குச் சொல்வது இரண்டே செய்திகள்: விசை அழுந்தியது, விசை விடப்பட்டது. அழுந்தியது என்ற செய்தி போன பிறகு, திரையில் வேறொரு சாளரம் முன்னால் வந்து நின்றாலோ, கேபிள் ஒரு கணம் விலகினாலோ, விடப்பட்டது என்ற செய்தி இயந்திரத்தை ஓட்டும் நிரலுக்குப் போய்ச் சேராது. நிரலைப் பொறுத்தவரை உங்கள் விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருக்கிறது.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. வைரஸ் தடுப்பு நிரலின் அறிவிப்பு ஒன்று திரையின் மூலையில் எழும்பிய அதே நொடியில் நான் பொத்தானை விட்டேன். ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் காண்ட்ரி என்ற பாலம் போய் முட்டி, ஸ்டெப்பர் மோட்டார் 'கடகட'வென்று படி தவறி உறுமியது. பதறிப்போய் கன்ட்ரோலரின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினேன். ஒன்றும் பலிக்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது.

அன்றிலிருந்து மூன்று ஏற்பாடுகள் இல்லாமல் நான் கேம்பேடைத் தொடுவதில்லை. விசைகளாக மாற்றும் நிரலை விட்டுவிட்டு, கேம்பேடை நேரடியாகப் படிக்கும் நிரலுக்கு மாறியது முதலாவது. அத்தகைய நிரல், நீண்ட நகர்வு ஒன்றை அனுப்பிவிட்டு ரத்துக்காகக் காத்திராமல், சிறு துண்டுகளாக அனுப்பிக்கொண்டேயிருந்தால் இன்னும் நல்லது. நிமிடத்துக்கு 1200 மி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மி.மீ.; நொடியில் இருபதில் ஒரு பங்குக்கு ஒரு துண்டு என்றால் ஒவ்வொன்றும் 1 மி.மீ. தான். செய்தி அறுந்துபோனாலும் வரிசையில் நிற்கும் சில துண்டுகளோடு இயந்திரம் தானே ஓய்ந்துவிடும்.

அடுத்தது எல்லைக் காவல். ஜிஆர்பிஎல்லில் $20 என்ற அமைப்பு மென்பொருள் எல்லையைக் காக்கும். ஆனால் இயந்திரம் தன் இருப்பிடத்தை அறிந்தால்தானே எல்லையை அறியும்? அதற்காக ஓரங்களில் லிமிட் சுவிட்சுகளைப் பொருத்தி, அவற்றைத் தொட்டுத் தொடக்க இடத்தை அறியும் ஹோமிங்குக்கான $22 அமைப்பை முதலில் இயக்க வேண்டும். அது இல்லாமல் $20ஐ இயக்க முயன்றால் பலகை ஏற்றுக்கொள்ளாது. இரண்டும் இயங்கும்போது, எல்லையைத் தாண்டச் சொல்லும் ஜாக் கட்டளையை இயந்திரம் பிழை 15 என்று சொல்லிப் புறக்கணித்துவிடும். வேலை நிற்காது, அலாரமும் வராது.

மூன்றாவதுதான் முதன்மையானது. எமர்ஜென்சி ஸ்டாப் என்பது காளான் தலை கொண்ட சிவப்புப் பொத்தானாக, அழுத்தினால் அழுந்தியபடியே நிற்பதாக, மோட்டார்களுக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தையே அறுப்பதாக இருக்க வேண்டும். கன்ட்ரோலரில் ஒரு பொத்தானுக்கு நிறுத்தம் என்று பெயர் வைத்துக்கொள்வதை நான் தடுக்கவில்லை, ஆனால் அந்தப் பொத்தானின் சொல் கேபிள், இயங்குதளம், நிரல், மறுபடியும் கேபிள் என்று நான்கு கை மாறித்தான் இயந்திரத்தை அடைகிறது. ஆபத்து வரும்போது இந்த நால்வரில் ஒருவர்தான் பெரும்பாலும் காணாமல் போயிருப்பார்.

நின்றுவிடு என்ற செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் இயந்திரம் சற்றுத் தள்ளியே நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடுக்கம் நொடிவர்க்கத்துக்கு 50 மி.மீ. என்று வைத்திருந்தால், நிமிடத்துக்கு 1200 மி.மீ. வேகத்தில் வந்தது நிற்க 4 மி.மீ. வேண்டும், 3000 மி.மீ. வேகத்தில் வந்தது நிற்க 25 மி.மீ. வேண்டும். வேகம் இரண்டரை மடங்கானால் நிற்கும் தூரம் ஆறேகால் மடங்காகிறது.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): நான் தொடாமலேயே எக்ஸ் அச்சு நத்தை போல ஊர்கிறது. கன்ட்ரோலர் பழையது.

பதில்: குச்சியின் அடியில் சாய்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது, விட்ட பிறகு அது நடுப்புள்ளிக்குத் திரும்புவதில்லை. விளையாட்டில் இது பாத்திரம் ஒன்று தானாக நடப்பதாகத் தெரியும், பட்டறையில் பிட் ஊர்வதாகத் தெரிகிறது. புதிய குச்சியும் மிகச் சரியாக நடுவில் நிற்பதில்லை என்பதால்தான் மைக்ரோசாஃப்ட், குச்சியின் முழு வீச்சு 32767 என்னும்போது, இடக்குச்சிக்கு 7849 வரையிலான அசைவைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நிரல் எழுதுவோருக்குப் பரிந்துரைத்திருக்கிறது. ஏறத்தாழ கால் பங்கு! உங்கள் நிரலில் டெட்ஸோன் என்ற இடத்தில் 0.25 அளவுக்கு வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குச்சியை மாற்றிவிடுங்கள். காந்தப்புலத்தைக் கொண்டு அளக்கும் ஹால் சென்சார் குச்சியில் உரசித் தேயும் தடம் கிடையாது.

அதோடு, தோள்பட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்திருக்கும்போது மட்டுமே குச்சி வேலை செய்யும்படி அமைத்துவிடுங்கள். கன்ட்ரோலரை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மோர் குடிக்கப் போனாலும் பயமில்லை.

கேள்வி (ஆத்தங்குடி வாசகர்): தரையில் பதிக்கும் எங்கள் ஊர்ப் பூக்கல்லின் வடிவங்களை, உலோக அச்சு செய்யக் கொடுப்பதற்கு முன், மாதிரிக்காக, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டிப் பார்க்கிறேன். கம்பியில்லாக் கன்ட்ரோலர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், யு.எஸ்.பி. கம்பி உள்ளதையே வாங்குங்கள். கம்பியில்லாதது சிறிது நேரம் தொடாமல் விட்டால் பேட்டரியை மிச்சப்படுத்தத் தானே உறங்கிவிடும். நீங்கள் ஜீரோ வைக்கக் குனியும்போதுதான் அதற்கு உறக்கம் வரும். கம்பியிலும் ஒரு கவனம் வேண்டும்: கார்பன் பிரஷ் உள்ள ஸ்பிண்டில் மோட்டார் எழுப்பும் மின் இரைச்சல் யு.எஸ்.பி. இணைப்பைத் துண்டிக்க வல்லது. குட்டையான, கவசமிட்ட கேபிளை ஸ்பிண்டில் வயரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். இயந்திரத்தின் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): ஸ்பிண்டிலைச் சுழலவிட்டு, குச்சியால் ஓட்டியே ஒரு யாளி முகத்தைச் செதுக்க முடியாதா? ஆசாரி உளியால் செய்வதைத்தானே நாமும் செய்யப்போகிறோம்?

பதில்: முயன்று பார்த்திருக்கிறேன், யாளி கேட்டேன், பூசணிக்காய் கிடைத்தது. ஆசாரியின் உளி மரத்தின் ரேகையைத் தொட்டவுடன் எதிர்ப்பைக் கைக்குச் சொல்கிறது. அவர் உடனே சுத்தியலைத் தணிக்கிறார் அல்லது உளியைத் திருப்புகிறார். கன்ட்ரோலரின் குச்சி எதையும் திருப்பிச் சொல்வதில்லை. அதனுள் அதிரும் மோட்டார் இருக்கிறதே என்பீர்கள். அது நிரல் சொன்னால் அதிரும், மரம் சொல்லி அதிராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுழலும் பிட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு சீவலை எடுத்துக்கொண்டே போனால்தான் குளிர்ச்சியாக இருக்கும். வளைவில் நீங்கள் தயங்கிக் குச்சியைத் தளர்த்தும் இடத்தில் பிட் வெட்டாமல் உரசும். தேக்கு கருகும், முனை மழுங்கும். மெழுகுக் கட்டியிலோ தெர்மகோலிலோ செய்து பாருங்கள், விளையாட்டாக நன்றாகவே இருக்கிறது. தேக்கில் என்றால், ஓட்டத்தை, முன்பே எழுதிவைத்த வெட்டும் கட்டளைகளான ஜி-கோடுக்கு விட்டுவிட்டு, கன்ட்ரோலரை வேகத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஜிஆர்பிஎல் 1.1 ஓடும்போதே பிட் மரத்தில் முன்னேறும் வேகத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாக மாற்ற இடம் தருகிறது. முடிச்சுள்ள இடம் வருவதைக் கண்டு இரண்டு தட்டு தட்டினால் 100 சதவீதம் 80 ஆகிவிடும். முடிச்சைத் தாண்டியதும் மேலே இரண்டு தட்டு.