புலவரையும் புரவலரையும் வலைப்பின்னலாக வரைவதற்கு முன்

கேள்வி: தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புறநானூற்றுப் புலவர்களையும் புரவலர்களையும் வலைப்பின்னல் பகுப்பாய்வு முறையில் ஆராய விரும்புகிறேன். கணிதம் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நிரல் எழுதவும் தெரியாது. எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

பதில்: மென்பொருளைச் சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள். இம்முறையில் ஆய்வுகள் சறுக்குவது பெரும்பாலும் கணக்கில் அன்று. எதைக் கணுவாக (வலையின் புள்ளியாக) கொள்வது, எதை இணைப்பாக (புள்ளிகளைச் சேர்க்கும் கோடாக) கொள்வது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான்.

வையாவிக் கோப்பெரும்பேகனை எடுத்துக்கொள்வோம். அவனைப் பரணர் நான்கு பாட்டிலும் (141, 142, 144, 145), கபிலர் (143), அரிசில்கிழார் (146), பெருங்குன்றூர்கிழார் (147) ஆகியோர் ஒவ்வொரு பாட்டிலும் பாடியுள்ளனர். எக்செல்லில் பாடியவர், பாடப்பட்டவர், பாட்டு எண் என்று பதிந்தால் ஏழு வரிசைகள் வரும். இது புலவர், புரவலர் என்ற இருவகைக் கணுக்கள் கொண்ட வலை. ஒரே புரவலரைப் பாடியவர்களை இணைத்து, இதைப் புலவர்கள் மட்டுமே உள்ள வலையாகச் சுருக்கினால், பேகன் ஒருவனால் நான்கு புலவர்களுக்கிடையே ஆறு இணைப்புகள் முளைத்துவிடும். ஒரே வள்ளலைப் பாடியதாலேயே அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல முடியுமா? 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகள் பேகன் தன் மனைவியைப் பிரிந்த ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவை என்பதால் இங்கே அந்த ஊகத்திற்குச் சற்று வலு உண்டு. பிற புரவலர்களிடம் அவ்வளவு கிடைக்காது. புலவர் பெயரோ பாட்டுக்குள் இல்லை. பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பிலிருந்துதான் கிடைக்கிறது. ஆகவே சான்று பாட்டிலா குறிப்பிலா என்பதற்கு அட்டவணையில் நான்காவது நெடுவரிசை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான்; ஆனால் ஆய்வின் உயிர் அதில் இருக்கிறது.

வலையில் ஒரு கணு எவ்வளவு முக்கியம் என்று காட்டும் அளவைகளைப் புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் நகரக் குடும்பங்களைப் பற்றி ஜான் பேஜெட், கிறிஸ்டோபர் ஆன்செல் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வின் தரவிலிருந்து 15 குடும்பங்கள், 20 மண உறவுகள் கொண்ட ஒரு சிறு வலை பாடப்பயிற்சிகளில் வழங்குகிறது. அதைத் தாளில் பென்சிலால் வரைந்து பாருங்கள். மெடிசி குடும்பத்திற்கு ஆறு உறவுகள், ஸ்ட்ரோசிக்கு நான்கு, வேறுபாடு பெரிதில்லை. ஆனால் மற்றக் குடும்பங்கள் ஒன்றையொன்று எட்டும் மிகக் குறுகிய வழிகளில் ஏறக்குறையப் பாதி மெடிசி வழியாகச் செல்கின்றன. ஸ்ட்ரோசி வழியாகப் பத்தில் ஒரு பங்கே. இடைநிலை மையத்தன்மை என்பது இதுதான்.

அதன்பின் கெஃபி (Gephi) என்ற வலைப்பின்னல் மென்பொருளை நிறுவுங்கள். இலவசம், நிரல் தேவையில்லை, பாடியவர், பாடப்பட்டவர் நெடுவரிசைகளுக்கு Source, Target என்று தலைப்பிட்டால் உங்கள் அட்டவணையை ஏற்கும். அது தீட்டும் வண்ணப்படத்தை மட்டும் முடிவென்று நம்பிவிடாதீர்கள். அதே கணக்கைப் பலமுறை திரும்பச் செய்யும் தேவை வரும்போது பைத்தான் என்ற நிரல்மொழியும் அதில் வலைகளைக் கணக்கிட உதவும் நெட்வொர்க்எக்ஸ் என்ற நிரல்தொகுப்பும் கற்றால் போதும்.

அகழாய்வுத் தரவில் இறங்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல்: ஒரே வகைப் பாசிமணி கிடைத்த ஊர்களை இணைத்தால், அதிகக் குழிகள் தோண்டப்பட்ட ஊரில் அதிக வகைகள் கிடைத்திருக்கும், அந்த ஊரே வணிக மையம் போலத் தோன்றும். உங்கள் தரவிலும் இதே சிக்கல் உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. தொகைக்குள் வராமலே போனவை எத்தனையோ. எனவே பாட்டுகளில் பத்தில் ஒன்றைக் குலுக்கல் முறையில் நீக்கிக் கணக்கிடுங்கள். இதை நூறு முறை செய்யுங்கள். அப்போதும் முதலிடத்தில் நிற்கும் புலவரைப் பற்றி மட்டும் எழுதத் தொடங்குங்கள்.