சிசேரியன் தையலும் முட்டையும்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மனைவிக்குச் சிசேரியன் ஆகிப் பத்து நாளாகிறது. முட்டை, பருப்பு கொடுத்தால் தையலில் சீழ் வைக்கும் என்று அம்மா தடுக்கிறார். மருத்துவமனை வாசலில் ஒருவர், புரத மாவு வாங்கினால்தான் தையல் ஆறும் என்கிறார். எதைக் கேட்பது?”

இரண்டையும் கேட்க வேண்டாம். சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அன்று. தையல் சிவந்து வீங்கினாலோ, நாற்றத்துடன் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பத்தியத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெட்டுப்பட்ட தசை கூடுவதற்குப் புரதம் வேண்டும். பாலூட்டும் முதல் 6 மாதங்களில், வழக்கமாகத் தேவைப்படும் 46 கிராமோடு நாளுக்கு ஏறத்தாழ 17 கிராம் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் அந்தக் கூடுதலை ஈடுகட்டிவிடும். பூண்டுக் குழம்பும் ரசமும் தாராளமாகக் கொடுக்கலாம். அவற்றை மட்டுமே கொடுத்துப் பச்சை உடம்புக்காரியைப் பட்டினி போடுவதுதான் தவறு. வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், முக்கும்போது தையல்தான் வலிக்கும். கொய்யாவோ நெல்லிக்காயோ தினமும் இருக்கட்டும். வைட்டமின் சி இல்லாமல் புதுத் தசை உறுதிப்படாது. இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும், காப்பியோடு சேர்த்து அன்று.

வாசலில் நின்று மாவு விற்பவர் உங்கள் மனைவியின் தையலைப் பார்த்தவரல்லர். டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் பார்ப்பவர். அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்கு இலவசமாகவே சத்துமாவு தருகிறார்கள். பிறகு ஏன் ஏமாறுகிறோம் என்றால், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் மாத்திரைகளை வரிசையாக எழுதுபவர்கள், உணவைப் பற்றி “சத்தான ஆகாரம்” என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் இத்தகையவர்கள் கடை விரிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது என்று சொல்லியிருந்தால், கருப்பட்டி போட்டுக் கிண்டிய பிரசவ லேகியம் வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான், பனையிலிருந்து வந்தாலும் கணக்கு அதுவே. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காதவர்களுக்குத் தையல் ஆறத் தாமதமாகும், கிருமியும் எளிதில் தொற்றும். ஆகவே புண் ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல், ஆறு வாரம் கழித்து குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.