தாத்தா ராயப்பனா, பெத்ரியா?

கேள்வி: 82 வயதான என் அப்பா தம் விசுவாச வாழ்க்கையை நூலாக எழுதி வருகிறார். முதல் அத்தியாயம் பிறப்பும் குடும்பமும். வீட்டில் தாத்தா பெயர் ராயப்பன். அப்பாவின் பழைய திருமுழுக்குப் பதிவில் தகப்பனார் பெயர் 'பெத்ரி' என்று இருக்கிறது. வேறு யாருடைய பதிவையோ எடுத்துவிட்டோமா? (வாசகி, ஈசூன்)

பதில்: கவலை வேண்டாம், அது உங்கள் தாத்தாதான். அந்தக் காலக் கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை. இராயப்பர் என்றால் பேதுரு, லத்தீனில் பெத்ருஸ். 'இன்னாருடைய மகன்' என்று எழுதும்போது பெத்ருஸ் என்பது 'பெத்ரி' ஆகிவிடும். இப்படியே சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இது தெரியாமல் சொந்தத் தாத்தாவையே 'வேறு ஆள்' என்று ஒதுக்கிவிடுவது எளிது.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். 1888ல் கட்டி முடிக்கப்பட்ட சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களில் பிரெஞ்சுக் குருமார் பணியாற்றினார்கள். 'முத்து' என்பதில் வரும் உகரத்துக்கு அவர்கள் 'ஓ' (O), 'யூ' (U) என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார்கள். ஒரே பெயரை மூன்று நான்கு விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

பங்கு அலுவலகத்துக்கு எழுதும்போது அப்பாவின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஆண்டுக்கு முன்பின் இரண்டு ஆண்டுகள், உங்கள் உறவுமுறை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொடுத்துவிடுங்கள். சுருக்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல் ஓரக்குறிப்பையும் சேர்த்து முழுப் பிரதி கேளுங்கள். 1908க்குப் பிறகு, ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அந்த விவரத்தை அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கும் முறை வந்தது. தாத்தா ஊரில் திருமுழுக்குப் பெற்று இங்கே மணமுடித்திருந்தால், ஊர்ப் பதிவேட்டின் ஓரத்தில் சிங்கப்பூர் ஆலயத்தின் பெயர் இருக்க வாய்ப்புண்டு. பத்ரீனுஸ், மத்ரீனா என்ற இரு சொற்களையும் பாருங்கள். அவை ஞானத்தகப்பன், ஞானத்தாய். பெரும்பாலும் சித்தப்பாவோ அத்தையோதான் அப்படி நின்றிருப்பார்கள். கப்பலேறி வந்த முதல் தலைமுறைக்கு இங்கே யார் துணை என்பதை இந்த இரண்டு பெயர்கள் சொல்லிவிடும். என்னைக் கேட்டால் முழுப் பதிவிலும் அருமையான வரி அதுதான்.

கேள்வி: அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஆண்டு 2603 என்று இருக்கிறது. நூலில் எதைப் போடுவது? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: 1943 என்று போடுங்கள். ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் சியோனான் என்று அழைக்கப்பட்ட காலத்து ஆவணம் அது. ஜப்பானியப் பேரரசு ஆண்டிலிருந்து 660ஐக் கழிக்க வேண்டும். ஜப்பானியப் பேரரசரின் ஆட்சி ஆண்டுக் கணக்கில் 'ஷோவா 18' என்றிருந்தாலும் அதே ஆண்டுதான். பிறந்த நேரமும் குறிப்பிடப்பட்டிருந்தால், அது தோக்கியோ நேரம். போருக்கு முந்திய சிங்கப்பூர் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடியது. திருமுழுக்கு நாளைப் பிறந்தநாள் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் இடையே சில நாளும் இருக்கலாம், சில மாதமும் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் பூட்டனார் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பெயர் அமெரிக்கர் பெயர் போலவே இருக்கிறது. வெள்ளைக்கார வம்சமா? (வாசகர், பொங்கோல்)

பதில்: பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. 1823ல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரியில், மாணவர் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பெயரோடு அவருடைய தமிழ்ப் பெயரையும் தேடுங்கள். காணி உறுதியிலும் (நிலப் பத்திரம்) கல்யாணப் பதிவிலும் தமிழ்ப் பெயர் நின்றிருக்கலாம். கிடைத்தால் நூலில் இரண்டையும் சேர்த்தே அச்சிடுங்கள்.