விதைநெல் கையேட்டுக்கு எந்த எழுத்து வைக்கலாம்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் உழவர் குழு பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி 32 பக்கத்தில் ஒரு கையேடு போடுகிறது. படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். டிடிபி கடையில் வளைவு வளைவான எழுத்தில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மாதிரிப் பக்கத்தை வாங்கிய பெரியவர் ஒருவர், கையை எட்ட நீட்டிப் பார்த்துவிட்டு "நீயே படிச்சுச் சொல்லு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேறு கணினியில் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. எந்த ஃபாண்ட், எந்த அளவு? இத்தனை எழுத்து வகை எதற்கு?

பதில்: அந்தப் பெரியவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையேட்டுக்கு அவரைவிட நல்ல மெய்ப்புப் பார்ப்பவர் கிடைக்கமாட்டார். கையை நீட்டினார் என்றால் எழுத்து சிறியது. நீட்டியும் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தின் உருவமே குழப்புகிறது. இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலில் அளவு. 72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆனால் 12 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல; ஈய அச்சுக்காலத்தில் அந்த எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையின் உயரம். கட்டைமேல் எழுத்தை எவ்வளவு பெரிதாகச் செதுக்குவது என்பது செய்தவர் விருப்பம். அதனால்தான் ஒரே 12 பாயிண்டில் ஒரு ஃபாண்ட் பெரிதாகவும் இன்னொன்று பொடியாகவும் தெரிகிறது. எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12, 13, 14 மூன்றிலும் ஒரே பத்தியை அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் வாசகர்களுக்கு 13 அல்லது 14 சரிப்படும் என்பது என் கணிப்பு.

அளவு கூடினால் பக்கம் கூடுமே, தாள் செலவு ஆகுமே என்பீர்கள். இந்தக் கவலை நம் டெல்டாவில் முந்நூறு வருஷப் பழசு. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் குழு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. 1714இல் முதல் பகுதி அந்தப் பெரிய எழுத்தில் வந்தது. தாள் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துப் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். கப்பலில் வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை அதற்கு உருக்கியதாகச் சொல்வார்கள். 1715இல் மீதிப் பகுதி சிறிய எழுத்தில் வெளியானது. நீங்களும் எழுத்தைக் குறைத்துத் தாளை மிச்சம் பிடிக்கலாம்தான். ஆனால் படிக்கிறவரின் கண்ணை அதற்கு விலையாகக் கொடுக்காதீர்கள். வாசகத்தில் நாலு வரியை வெட்டுங்கள், அது நல்ல சிக்கனம்.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரி இடைவெளி. தமிழில் புள்ளியும் கி, கீயில் வரும் விசிறியும் மேலே ஏறும். கு, மு, பூ எல்லாம் கீழே இறங்கும். மேல்வரியில் 'பூங்கார்' இருந்து, நேர் கீழே 'கிச்சிலிச் சம்பா' வந்தால் பூவின் வாலும் கிச்சிலியின் கொக்கிகளும் முட்டிக்கொள்ளும். கும்பகோணத்து அச்சகம் ஒன்றில் நான் அச்சுக்கோர்க்கக் கற்றுக்கொண்ட நாளில், வரிக்கு வரி ஈயத் தகடு செருகுவோம். வரி இடைவெளிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் லீடிங் என்ற பெயரே அந்த ஈயத்திலிருந்து வந்ததுதான். 13 பாயிண்ட் எழுத்தென்றால் வரிக்கு வரி 19 அல்லது 20 பாயிண்ட் விடச் சொல்லுங்கள். இதை மட்டும் சரிசெய்தாலே பக்கம் மூச்சுவிடும்.

இனி எழுத்து வகை. எழுதுகிற கருவியும் எழுதப்படுகிற பரப்பும்தான் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. ஓலையில் எழுத்தாணி ஒரே கனத்தில்தான் கீறும். ஓலை கிழியுமே என்று புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. ஐரோப்பாவிலும் இதே கதை: கூட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சிட்ட பைபிள், மடத்தில் கையால் எழுதிய கனத்த எழுத்தின் நகல். வெனிஸில் 1470இல் ஜென்சன் என்ற அச்சகர் திறந்த, உருண்டையான ரோமன் எழுத்தை வார்த்தார். தாளும் மையும் நயமாக ஆக, பாஸ்கர்வில், போதோனி போன்ற எழுத்து வடிவமைப்பாளர்கள் மயிரிழைக் கோடுகளை வைத்தார்கள். கோட்டு முனையில் சின்னக் கொடுக்கு (செரிஃப்) இல்லாத மொட்டை எழுத்து 1816இல் லண்டனில் வந்தது. விளம்பரத் தட்டிகளில் அது பரவியது.

உங்களுக்கு இதில் என்ன பயன் என்றால், மயிரிழைக் கோடு உள்ள எழுத்து வழவழப்பான தாளைக் கேட்கும். நீங்கள் மலிவான மேப்லித்தோ தாளில் அடிப்பீர்கள். அங்கே மெல்லிய கோடு அறுந்து, ன, ண, ள எல்லாம் ஒன்றாகத் தெரியும். கனம் சீராக உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், இரண்டிலும் பல கனங்கள் உண்டு. வாசகத்துக்கு ஒன்று, தலைப்புக்கு அதே குடும்பத்தின் போல்டு, அது போதும். கடைக்காரர் கொடுத்த வளைவெழுத்தை அட்டையில் கையேட்டின் பெயருக்கு மட்டும் வையுங்கள், நன்றாக இருக்கும்.

எந்த ஃபாண்ட் ஆனாலும் 'உழவு, முழு, மழை, முளை' என்று அடித்துப் பாருங்கள். ழவும் முவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சின்ன அளவில் எவை பிரிந்து தெரிகின்றனவோ அவையே நல்ல எழுத்து. 'லை, ளை, னை, ணை' நான்கையும் அடித்துப் பாருங்கள். உங்கள் பெரியவர்கள் பள்ளியில் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தைப் படித்தவர்கள். பெரியார் 1935 முதல் குடிஅரசில் கையாண்ட சீர்திருத்தம் 1978இல் அரசாணையானது. அதன்பின் செய்தித்தாளில் புதிய வடிவமே பழகிவிட்டது. ஆகவே புதியதையே வையுங்கள், இரண்டும் கலக்க வேண்டாம்.

இட்டாலிக் வேண்டாம். ஆல்டஸ் என்ற வெனிஸ் பதிப்பாளர் 1501இல் கொண்டுவந்த அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஒரு கையெழுத்து மரபு இருந்தது. நம் எழுத்தைக் கணினியில் சாய்த்தால் அது சரிவது போலத்தான் இருக்கும். நெல்லின் பெயர்களைப் போல்டில் போடுங்கள். இரண்டு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டவும் வேண்டாம்: 'மாப்பிள்ளைச்சம்பாவுக்கு' போன்ற நீளச் சொல் அடுத்த வரிக்குப் போனால் மேலே வெற்றிடம் விழுந்து, பக்கம் நெடுக வாய்க்கால் ஓடும். இடப்பக்கம் மட்டும் சமமாக இருக்கட்டும். சொல்லை உடைக்க நேர்ந்தால் புதிய வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது.

வாட்ஸ்அப் சிக்கலுக்குக் காரணம் பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் ஆங்கிலம்தான் தெரியும். தமிழ் எழுத்துக்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. இன்டிசைனில் வேலை செய்தால் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்வு செய்திருக்க வேண்டும், இல்லையேல் கொம்பு இடம் மாறும். மாற்றிய பிறகு 'கவுனி' ஒழுங்காக வந்திருக்கிறதா, 'கௌ' என்ற ஒரே எழுத்து 'கெ', 'ள' என்று இரண்டாகவில்லையா, துணைக்காலும் (ா) ரகரமும் இடம் மாறவில்லையா என்று வரிவரியாகப் பாருங்கள். அனுப்புவது எப்போதும் பிடிஎஃப் ஆக இருக்கட்டும்.

கடைசியாக, புரூஃபைத் திரையில் ஒப்புக்கொள்ளாதீர்கள். அச்சடிக்கப்போகும் அதே தாளில் நான்கு பக்கம் எடுத்து, சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன் திண்ணையில் அந்தப் பெரியவரிடமே கொடுங்கள்.